முக்காலியின் தோல் தொய்கிறது, காலில் விரிசல்: சரிசெய்வதா, மாற்றுவதா?

மலைவழி (கேள்வி)

வணக்கம். காட்டு முகாம்களுக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போகும்படியான ஒரு மடக்கு முக்காலியை மூன்று ஆண்டுகளுக்கு முன் நானே செய்துகொண்டேன். மூன்று மரக்கால்கள், அவற்றை நடுவில் பிணைக்கும் மும்முனைப் போல்ட், மூன்று மூலைகளிலும் பை வைத்துத் தைத்த முக்கோணத் தோல் ஆகியவைதாம் அதன் உறுப்புகள். ஒவ்வொரு காலும் 60 செ.மீ. நீளமும் 28 மி.மீ. விட்டமும் உடையது, தோல் 4 மி.மீ. தடிப்புள்ளது, எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்கும். புஷ்கிராஃப்ட் எனும் காட்டுவாழ் கலையைப் பழகுகிறவர்கள் பலரிடமும் இந்த அமைப்பு இருப்பதால் இதற்குமேல் விளக்கத் தேவையிருக்காது.

முதல் இரண்டு ஆண்டுகள் குறையொன்றும் இல்லை. இப்போது ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கல்கள் வருகின்றன. தோல் தொய்ந்துவிட்டதால், உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடுகிறது. மழைக்காலம் முழுவதும் முக்காலியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது தோலின் அடிப்புறம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. தோலின் மடிப்புகளைப் பிணைக்கும் ரிவிட்டுகளை (தட்டி இறுக்கும் உலோக ஆணிகளை)ச் சுற்றிக் கருவளையம் விழுந்திருக்கிறது. ஒரு காலில் போல்ட் துளையிலிருந்து மேல்நோக்கி இரண்டு விரற்கடை அளவுக்கு மயிரிழை போன்ற விரிசல் ஓடுகிறது. ஆற்றுமணலில் போட்டால் ஒரு கால் மட்டும் புதைந்து இருக்கையே சாய்கிறது.

இவை போதாதென்று, சென்ற முகாமில் அது என்னைக் கீழேயும் தள்ளிவிட்டது. நெருப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள், எழுந்திருக்கச் சோம்பி, இடப்பக்கம் பின்னால் கிடந்த விறகை எட்டி எடுப்பதற்காக இடுப்பைத் திருப்பினேன். அடுத்த நொடி முக்காலி சரிந்தது. கையிலிருந்த குவளை நெருப்பில் போய் விழுந்தது. நல்லவேளையாக நான் எதிர்ப்பக்கம் விழுந்தேன். நண்பர்கள் சிரித்து முடித்த பிறகு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியக் குழாய் நாற்காலி ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி அறிவுரை சொன்னார்கள்.

தோலுக்கு மாதந்தோறும் எண்ணெய் தடவினேன். கால்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் பூசினேன். அப்படியிருந்தும் எங்கே தவறினேன் என்பது விளங்கவில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா, அல்லது நண்பர்கள் சொல்வதுபோல் மாற்றிவிடுவதுதான் முறையா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

உளிக்காரர்

வணக்கம் அம்மா. ஐந்தாறு குறைகளை அடுக்கியிருக்கிறீர்கள். பூஞ்சணத்தையும் கருவளையத்தையும் தோல் வேலை தெரிந்தவர்களிடம் விட்டுவிடுகிறேன். தொய்வும் விரிசலும் தனித்தனிக் குறைகள் அல்ல. ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்திருக்கிறது.

தோலை நாம் இருக்கை என்று மட்டுமே நினைக்கிறோம். முக்காலியில் அதற்கு வேறொரு வேலையும் உண்டு. நாம் உட்கார்ந்ததும் நமது எடை மூன்று கால்களையும் விரித்துத் தரையோடு படுக்கவைக்கப் பார்க்கிறது; அவ்வாறு விரியாதபடி மேல்முனைகளை இழுத்துப் பிடித்திருப்பது அந்தத் தோல்தான். ஆகவே தோல் நீண்டால் கால்கள் அகலும். உங்கள் கால்கள் செங்குத்திலிருந்து 40 டிகிரி சாய்ந்து நின்றபோது மேல்முனைகளின் உயரம் ஏறத்தாழ 46 செ.மீ. இருந்திருக்கும், தோல் தொய்ந்து சாய்வு 50 டிகிரி ஆகிவிட்டால் உயரம் 39 செ.மீ.க்கு இறங்கிவிடும். முழங்கால் மேலே போவது இதனால்தான். அதே வேளையில் காலை நடுவில் வளைத்து ஒடிக்கப் பார்க்கும் விசை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்த விசை உச்சமாக இருக்கும் இடம் எது தெரியுமா? போல்ட் துளை. 28 மி.மீ. காலில் 8 மி.மீ. துளை போட்டால் அந்த இடத்தில் மரத்தின் குறுக்குப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். வலுக் குறைந்த இடத்திலேயே சுமை அதிகம் விழுகிறது என்பதால், இவ்வகை முக்காலியின் கால் ஒடிந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒடியும்.

பொத்தென்று உட்காரும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உயரத்திலிருந்து விழவே வேண்டாம்; இருக்கையைத் தொட்டபடி உடலைச் சட்டென்று விட்டாலே கணநேரத்துக்கு எடையைப் போல இரண்டு மடங்கு சுமை அதன்மேல் விழுகிறது.

விரிசல் கண்ட காலைப் பசை போட்டு ஒட்டி நம்ப வேண்டாம். முகாமுக்கு நடுவில் நேர்ந்தால், துளைக்கு மேலும் கீழும் மெழுகு நூலை நெருக்கமாக வரிந்து சுற்றி அன்றையப் பொழுதை ஓட்டலாம். வீடு திரும்பியதும் காலை மாற்றிவிட வேண்டும். புதிய காலுக்குக் கணு இல்லாத, ரேகை (மரநாரின் ஓட்டம்) முனையிலிருந்து முனைவரை நேராக ஓடுகிற கட்டையாகத் தேர்ந்தெடுங்கள். வாளால் அறுத்த குச்சியில் ரேகை பக்கவாட்டில் வெளியேறிவிடக்கூடும். பிளந்து எடுத்துச் செதுக்கிய கட்டையில் அந்த அச்சம் இல்லை. வெளிற்றை, அதாவது மரத்தின் மென்மையான வெளிப்பகுதியை, நீக்கி வைரம் பாய்ந்த உட்பகுதியைக் கொண்டால் உளுப்பும் எளிதில் அண்டாது. துளையைப் போல்ட்டைவிட அரை மி.மீ. பெரிதாக இடுங்கள், ஏனென்றால் ஈரத்தாலும் வெயிலாலும் மரம் ஊதிச் சுருங்கும்போது துளை போல்ட்டை இறுகக் கவ்வி, மடக்கும் போதெல்லாம் மரத்தைப் பிளக்கப் பார்க்கும். நட்டையும் கையால் திருகி நிற்கும் அளவோடு விடுங்கள். பலம் போட்டு முடுக்கினால் முக்காலி உறுதிப்படும் என்பது ஒரு வீண் எண்ணம். கால்கள் தாமாகத் திரும்பித் தரைக்கேற்ப அமர்வதற்கு அந்தத் தளர்வு தேவை.

இனி, நீங்கள் விழுந்த கதை. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால், எவ்வளவு மேடுபள்ளமான தரையிலும் முக்காலி ஆடாது. ஆடாமல் நிற்பது வேறு, கவிழாமல் நிற்பது வேறு. மூன்று அடிகளையும் கோடிழுத்து இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். உடலின் எடை விழும் புள்ளி அதற்குள் இருக்கும் வரைதான் நாம் பத்திரம். உங்கள் அளவுகளின்படி ஒவ்வோர் அடியும் மையத்திலிருந்து 19 செ.மீ. தள்ளி நிற்கும். ஆனால் இரண்டு அடிகளை இணைக்கும் கோட்டின் நடுப்பகுதி மையத்திலிருந்து அதில் பாதித் தொலைவில், அதாவது ஒன்பதரை செ.மீ. தொலைவிலேயே வந்துவிடும். அடி இருக்கும் திசையில் சாய்ந்தால் தாங்கும். இரண்டு அடிகளுக்கு நடுவே சாய்ந்தால் ஒரு சாண்கூட இடமில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கால்கள் நடுவில் குறுக்கிடுவதால், மேலே முன்பக்கம் தெரியும் மூலையின் கால் கீழே பின்பக்கம் போய் ஊன்றுகிறது. எனவே தோலின் ஒரு மூலை இரண்டு தொடைகளுக்கும் நடுவே வரும்படி உட்கார்ந்தால், ஓர் அடி நேர் பின்னே நின்று முதுகுப் பக்கச் சாய்வைத் தாங்கும்; முன்பக்கத்தை உங்கள் பாதங்களே பார்த்துக்கொள்ளும். அப்படி உட்கார்ந்தாலும் பின்னால் இடமூலையும் வலமூலையும் காவலில்லாத திசைகள். நீங்கள் விறகுக்குத் திரும்பியது சரியாக அந்த இடமூலைக்குத்தான். மூலையைப் பின்னால் விட்டு, தட்டையான விளிம்பு முன்னால் இருக்கும்படி உட்காருகிறவர்களுக்கோ நேர் பின்னாலேயே காவல் இல்லை; அவர்கள் சோம்பல் முறித்தாலே போதும்.

மணலில் புதைவதற்கு மருந்து எளிது. 60 கிலோ மூன்று கால்களில் பிரிந்தால் ஒரு காலுக்கு 20 கிலோ, 28 மி.மீ. காலின் அடிப்பரப்பு ஆறு சதுர செ.மீ.க்குச் சற்று மேல். அதன் கீழ் 7 செ.மீ. விட்டமுள்ள மரவில்லை ஒன்றை வைத்தால் பரப்பு ஆறு மடங்குக்கு மேல் பெருகி, அழுத்தம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். வில்லையின் நடுவில் காலின் முனை அமர்வதற்கு ஒரு குழி மட்டும் குடைந்துகொள்ளுங்கள். வில்லைகளை மறந்துவிட்டால் தட்டைக் கற்கள் போதும்.

காலின் அடிமுனை விளிம்பை உப்புத்தாளால் மழுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கல்லில் இடித்துச் செதில் பெயரும். மரம் தண்ணீரை அதிகமாகக் குடிப்பதும் அந்த வெட்டுமுனை வழியாகவே. ஆளிவிதை எண்ணெயைக் கால் முழுவதும் ஒரே அளவில் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெட்டுமுனைகளையும் போல்ட் துளையின் உட்சுவரையும் எண்ணெய் இழுப்பது நிற்கும் வரை மீண்டும் மீண்டும் நனைக்க வேண்டும், மற்ற இடங்களுக்கு ஒரு பூச்சுப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டிப்படும்போது சூடு உண்டாகிறது. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், அந்தச் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே பெருகி, துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். துணியைத் தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவிடுங்கள். அல்லது வெட்டவெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.

தையலூசி

நான் தோல் வேலை செய்கிறவன். மாதந்தோறும் எண்ணெய் தடவினேன் என்ற வரியைப் படித்ததும் காரணம் விளங்கிவிட்டது.

தோல் என்பது கம்பளிபோல் ஒன்றோடொன்று பின்னிய நார்களின் தொகுப்பு. எண்ணெய் அந்த நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதற்கு உதவுகிறது. காலணியின் மேல்தோலுக்கு அது நல்லது. எடையைத் தாங்கி இழுபட்டு நிற்க வேண்டிய தோலுக்கு அளவு மீறினால் கெடுதல். நார்கள் நழுவி, நீண்டது நீண்டதுதான் என்று ஆகிவிடும். முக்காலித் தோலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, தேன்மெழுகு கலந்த குழைவைச் சிறிதளவு எடுத்து, கைச்சூட்டிலேயே உருக்கித் தேய்த்தால் போதுமானது. விரலால் மடித்துப் பார்க்கும்போது மேற்பரப்பு வெளிறி, வரிவரியாக வெடிப்பு தோன்றினால்தான் எண்ணெயைப் பற்றி நினைக்க வேண்டும்.

தோலை எந்தப் பகுதியிலிருந்து வெட்டினீர்கள் என்பதையும் பாருங்கள். முதுகுப் பகுதித் தோல் அடர்த்தியானது, நீளாது. வயிற்றுப் பகுதி நெகிழ்வானது. தடிப்பு எவ்வளவு இருந்தாலும் அது தொய்யும். தோலின் அடிப்புறத்தை விரலால் தேய்த்தால் நார் பஞ்சுபோல் எழும்பி வருமானால் வயிற்றுப் பகுதி என்று ஐயப்படலாம்.

தொய்ந்ததைச் சரிசெய்யச் சிலர் தோலை நனைத்து நெருப்பருகே காயவைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈரத்தோல் சூடுபட்டால் சுருங்கும் என்பது உண்மை, ஆனால் அது வேகுவதற்குச் சமம். பிறகு அட்டைபோல் விறைத்து, மடித்த இடத்தில் முறியும். முகாமில் மழையில் நனைந்துவிட்டாலும் இதே விதிதான்: துணியால் ஒற்றி, கால்களிலிருந்து கழற்றி, நிழலில் காற்றாட விட வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆனாலும் ஆகட்டும்.

சரியான வழி, மூன்று பைகளையும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. உள்ளே நகர்த்தித் தைப்பது. பழைய துளைகளையே பயன்படுத்தாமல் புதிய துளை இடுங்கள். இரண்டு ஊசிகளால் இருபுறமிருந்தும் ஒரே துளை வழியே நூலை எதிரெதிராகச் செலுத்தும் சேணத் தையலாக அது இருக்கட்டும். அதில் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது அவிழாது. பையின் வாய்ப்பகுதியில்தான் இழுவை அதிகம் என்பதால் அங்கே தையலை இரண்டு முறை மடக்கிப் போட்டு, ஒரு ரிவிட்டும் வையுங்கள்.

ரிவிட் என்றதும் உங்கள் கருவளையம் நினைவுக்கு வருகிறது. நீங்கள் போட்டிருப்பவை முலாம் பூசிய இரும்பு ரிவிட்டுகளாக இருக்க வேண்டும். மரப்பட்டையின் துவர்ப்புச் சத்தால் பதனிட்ட தோலில் ஈர இரும்பு பட்டால் இரண்டும் சேர்ந்து கரிய சேர்மம் உண்டாகிறது. பழைய காலத்தில் எழுதும் மையைக் காய்ச்சியதும் இதே முறையில்தான். கறை போகாது, அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். ஆனால் துருப்பிடித்த ரிவிட்டைச் சுற்றியுள்ள தோல் நாளடைவில் நொறுங்கக்கூடியது, ஆகவே கருவளையத்தை ஊசி முனையால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் அந்த மூலையை நம்பாதீர்கள். மாற்றும்போது செம்பு அல்லது பித்தளை ரிவிட்டாக வையுங்கள்.

பூஞ்சணத்துக்கு: மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். பிறகு துடைப்பு ஆல்கஹாலும் (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் தொட்டு, பிழிந்து துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மெழுகு. பெட்டிக்குள் சுருட்டி வைத்தது முதல் தவறு. அதிக எண்ணெய் பூஞ்சணத்துக்கு உணவாகவும் ஆகியிருக்கலாம். தோலைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் ஆணியில் தொங்கவிடுங்கள். வியர்வை உப்பு ஏறிய தோலை எலிகள் விரும்பிக் கடிக்கும், ஆகவே தரையோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

இலகுநடை

முந்தைய இரு பதில்களும் அருமையானவை. இருந்தாலும் நான் சற்று மாறுபட வேண்டியிருக்கிறது. ஒன்றேகால் கிலோ என்பது ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடப்பவனுக்குச் சிறிய எடையன்று. பல ஆண்டுகளாக நான் கொண்டுபோவது ஒரே ஒரு நுரைத்திண்டு. அதன் எடை ஒரு கைப்பிடிக் கடலையின் எடைக்குமேல் இராது. நுரையின் கண்ணறைகள் (உள்ளிருக்கும் நுண்குமிழிகள்) மூடியவையாக இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை. மழையில் ஊறிக் கிடந்த மரத்தின்மேல் போட்டு உட்கார்ந்தாலும் ஆடை நனையாது, உடற்சூடும் குளிர்ந்த கல்லுக்குள் இறங்கிப் போகாது. பராமரிப்பு என்று பார்த்தால் முள்ளையும் நெருப்பையும் விட்டு விலக்கி வைப்பது மட்டுமே.

அலுமினியக் குழாய் நாற்காலியைப் பரிந்துரைத்த நண்பர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். அதன் இருக்கை பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி. அவை கருகுவதில்லை, உருகுகின்றன. நைலானின் வகையைப் பொறுத்து 220 டிகிரி செல்சியஸிலோ 260 டிகிரியை ஒட்டியோ அது நிகழும். விறகிலிருந்து தெறிக்கும் தணலுக்கு அதைவிடப் பன்மடங்கு சூடு உண்டு. என்னிடம் இருந்த அத்தகைய நாற்காலியில் ஒரே இரவில் மிளகு அளவில் ஏழு ஓட்டைகள் விழுந்தன. அவற்றை ஊசிநூலால் தைத்தேன். அது பெரும் பிழை. ஊசி போன கோட்டிலேயே துணி கிழிந்து, ஒரு காலை வேளையில் என்னைத் தரைக்குக் கொண்டுசேர்த்தது. ஓட்டைக்கு இருபுறமும் ஒட்டுத்துண்டு ஒட்டுவதே முறை.

நெருப்பைச் சுற்றி அமர்வதற்கு என்றால் தோலோ பருத்திக் கித்தானோதான் ஏற்றவை. கித்தானில் பொறி விழுந்தால் கருகி நிற்கும், உருகி ஓடாது. ஆனால் மெழுகேற்றிய கித்தான் தீயை எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். முக்கோணமாக வெட்டும் கித்தானில் மூன்று விளிம்புகளும் நூலோட்டத்துக்கு நேராக அமைய வாய்ப்பில்லை. குறுக்கு விளிம்புகள் இழுபட்டு நீளும். விளிம்பு முழுவதும் தடித்த நாடா வைத்துத் தைத்தால் சுமையை நாடா ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே என் கருத்து இதுதான். நடை நீளமானால் திண்டு. கூடாரம் ஒரே இடத்தில் சில நாள் நிற்குமானால் முக்காலி. குழாய் நாற்காலி முழங்கால் வலிக்காரர்களுக்கும் முதுகு சாய வேண்டியவர்களுக்கும் நல்லது, ஆனால் உயரம் குறைந்ததை வாங்கிவிட்டு எழ முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் குழாய்களுக்குள் ஓடும் மீள்கயிற்றின் இழுப்பில் குழாய்கள் தாமாக அடித்துக்கொண்டு பொருந்த விடாமல், கையால் பிடித்துப் பொருத்த வேண்டும். மணல் புகுந்தால் இணைப்புகள் தேயும். கடற்கரையில் பயன்படுத்தினால் நன்னீரில் அலசிக் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும்.

உளிக்காரர்

இலகுநடை அவர்கள் நெருப்பைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். முதுகு சாய்வும் வேண்டும், மரமும் தோலுமாகவும் இருக்க வேண்டும் என்பவர்கள் ரூர்க்கி நாற்காலியைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இந்தியாவின் ரூர்க்கி நகரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர்களிடமிருந்து வந்த அமைப்பு அது. குறுக்குச் சட்டங்களின் கூம்பு முனைகள் கால்களின் கூம்புத் துளைகளில் பசையின்றி நுழைகின்றன. ஆள் உட்கார்ந்ததும் இருக்கையின் இழுவையே இணைப்புகளை இறுக்கிவிடும். இணைப்புகள் சற்றே திரும்பக்கூடியவை ஆதலால் நான்கு கால் இருந்தும் மேடுபள்ளத் தரையில் அது ஆடாது. டென்மார்க்கின் வடிவமைப்பாளர் கோரே கிளின்ட் 1933இல் வெளியிட்ட சஃபாரி நாற்காலிக்கு அதுவே முன்மாதிரி. தோளில் மாட்டிக்கொண்டு மலையேற மட்டும் அது உதவாது.

மலைவழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊசியால் குத்திப் பார்த்தேன். இரண்டு மூலைகள் உறுதியாக இருக்கின்றன. மூன்றாவதில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. தோலின் அடிப்புறத்தைத் தேய்த்தால் ஒரு பக்கம் மட்டும் பஞ்சு எழுகிறது. முதுகும் வயிறும் சேர்ந்த துண்டாகவே வெட்டியிருக்கிறேன் போலும். ஆகையால் பைகளை நகர்த்தும் எண்ணத்தைக் கைவிட்டு, புதிய தோலாகவே வெட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.

இன்னொரு கேள்வி உண்டு. ஒருமுறை நடைவழியில் போல்ட்டின் நட்டு கழன்று எங்கோ விழுந்துவிட, அன்றைக்கு முழுவதும் முக்காலி வெறும் சுமையாக இருந்தது. மாற்று நட்டு வைத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

முடிச்சு

போல்ட் இல்லாமலும் முக்காலி நிற்கும், அம்மா. மூன்று மீட்டர் நீளமும் 4 மி.மீ. கனமும் உள்ள கயிறு ஒன்று பையில் இருந்தால் போதும். கால்களைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, ஓரக்கால் ஒன்றில் சாரணர்கள் க்ளோவ் ஹிட்ச் என்று சொல்லும், கம்பை இரண்டு சுற்றாகப் பிணைக்கும் முடிச்சைப் போடுங்கள். பிறகு பாய் பின்னுவதுபோல ஒரு காலுக்கு மேலாகவும் அடுத்ததற்குக் கீழாகவும் கயிற்றை ஆறேழு முறை சுற்றுங்கள். அடுத்து, கால்களுக்கு இடையிலுள்ள இரண்டு சந்துகளிலும் அந்தச் சுற்றுகளைக் குறுக்கே இரண்டு இரண்டு முறை வரிந்து, மறு ஓரக்காலில் அதே முடிச்சைப் போட்டு முடியுங்கள். சுற்றுகளைத் தளர்வாகப் போடுங்கள், கால்களை விரிக்கும்போது அவை தாமே இறுகும். முதலிலேயே இறுக்கிவிட்டால் விரிக்கவே முடியாது. முதல் முறை எனக்கு நேர்ந்தது அதுதான், போட்ட கட்டு முழுவதையும் அவிழ்த்து மறுபடி தொடங்கினேன். உட்காரும் முன் கையால் நன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, முடிச்சு நழுவியிருந்தால் மீண்டும் கட்டுங்கள்.

நட்டு கழல்வதைத் தடுக்க, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு கிடைக்கிறது. அது அதிர்வில் தளராது. வாஷர் போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் நட்டு மரத்துக்குள் அமிழும்.

மலைவழி

வேலை முடிந்துவிட்டது, நடந்ததைப் பதிவு செய்கிறேன். முதுகுப் பகுதியிலிருந்து தோல் வெட்டிச் சேணத் தையல் போட்டேன், செம்பு ரிவிட் வைத்தேன். விரிசல் கண்ட காலை மாற்றினேன். பழைய காலை வேண்டுமென்றே முழங்காலில் வைத்து அழுத்திப் பார்த்தபோது, நான் நினைத்ததைவிடக் குறைந்த பலத்திலேயே அது துளையின் வழியே இரண்டாகப் பிளந்தது. விரிசல் வெளியே தெரிந்ததைவிட உள்ளே இரண்டு மடங்கு நீளத்துக்கு ஓடியிருந்தது. பிளந்த முகத்தில் பழைய விரிசல் அழுக்கேறிச் சாம்பல் நிறமாகவும், புதிதாகப் பிளந்த பகுதி வெண்மையாகவும் தெரிந்தன.

சென்ற வாரம் ஆற்றங்கரையில் மரவில்லைகளோடு போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் வில்லைகள் மணலில் ஒரு விரல் தடிப்புகூட இறங்கவில்லை. தோலின் மூலையை முன்னால் விட்டு உட்கார்ந்தேன். விறகு எடுப்பதற்கு எழுந்துதான் போனேன்.

உளிக்காரர்

மகிழ்ச்சி அம்மா. புதிய காலுக்கு எண்ணெய் பூசியிருப்பீர்களே, அந்தத் துணியை என்ன செய்தீர்கள்?

மலைவழி

தண்ணீரில் முக்கி, தகர டப்பாவில் போட்டு, மூடி வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறேன், ஐயா.